பூச்சு

என் அப்பா தன் மோட்டார் சைக்கிளின் இன்ஜினுக்கு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அலுமினியம் பெயிண்ட் அடித்தார். 1992 முதல் 2021 வரை. இடையில் மஞ்சள் காமாலையில் படுத்திருந்த ஒரு வருஷம் மட்டும் விட்டுப்போயிற்று என்று அம்மா சொல்கிறாள். இந்த வேலையைப் பற்றி எனக்குச் சிறு வயதிலிருந்தே ஓர் அபிப்ராயம் இருந்தது. பிற்பாடு அந்த அபிப்ராயத்தை இலக்கியத்துக்கும் விரித்துக்கொண்டேன். அது தவறு என்று இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் எங்கே தவறு, எவ்வளவு தவறு என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மொத்தமாக மன்னிப்புக் கேட்டுவிடுவது ஒரு விமர்சகனுக்கு மிகச் சுலபமான காரியம்.

வண்டி 1984-ஆம் வருஷத்து புல்லட். அப்பாவுக்கு மூன்றாவது கையாக வந்தது. 350 என்று பெயரே தவிர உண்மையில் 346 சி.சி. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. அகலம் குறைந்து உயரம் கூடிய இந்த அளவில்தான் அந்த வண்டியின் அவசரமற்ற சத்தம் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்த இன்ஜின். 1955-இல் சென்னையில் கம்பெனி தொடங்கி, பின்னர் திருவொற்றியூரில் முழுக்கவே இங்கு தயாராகியது. அங்கே மூல கம்பெனி மூடிய பிறகும் இங்கே நிற்கவில்லை. அந்தக் காலத்து புல்லட்டில் கிராங்க் கேஸும் ஹெட்டும் அலுமினியம். நடுவில் இருக்கும் பாரல் மட்டும் வார்ப்பிரும்பு. துருப்பிடிக்கும் ஒரு பொருள், துருப்பிடிக்காத இரண்டுக்கு நடுவில். நான் சொல்லப்போகிற விஷயம் முழுவதும் இந்த இரும்பைப் பற்றியது.

அப்பா தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. ஜனவரியில் பாத்திகளைச் சீர் செய்யத் தொடங்குவார்கள். கோடை முழுவதும் உப்பு வாருவார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது வேலை நின்றுவிடும். அந்த மாதங்கள் முழுவதும் வண்டி பாத்திக்கரையில் நிற்கும். காற்றிலேயே உப்பு இருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலத்தை வைத்திருக்கும். மழை பெய்யாத நாளிலும் அங்கே இரும்பு நனைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயுத பூஜை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். அதாவது உப்பு முடிந்து மழை தொடங்குவதற்கு முன்பு. இந்தப் பொருத்தம் எனக்கு முப்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. அதுவரை அப்பா பூஜைக்காகப் பெயிண்ட் அடிக்கிறார் என்றே நினைத்திருந்தேன். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, அலுமினியம் பெயிண்ட்.

அடிக்கிற முறையும் மரியாதை உண்டாக்குவதாக இல்லை. கம்பி பிரஷ்ஷால் உதிர்கிறதை உதிர்ப்பார். மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்து பாரலின் தகடுகளுக்கு இடையில் விட்டு இழுப்பார். போல்ட், நட், கேஸ்கட் விளிம்பு, எஞ்சின் நம்பர் எதையும் அந்த பிரஷ் விட்டுவைத்ததில்லை. அரை மணியில் வேலை முடிந்துவிடும். சாயங்காலம் வண்டி புதுத் தகர டப்பா மாதிரி மின்னும். மறுநாள் ஸ்டார்ட் செய்தால் தெரு முழுக்கப் புகைந்து நாறும். நாலு மாதத்தில் ஹெட்டுக்குப் பக்கத்தில் பழுப்பேறி உரியும். அடுத்த ஆயுத பூஜைக்கு மறுபடி.

2015-இல் இதே பத்திரிகையில் ஒரு கவிஞரின் தொகுப்பைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன். அவர் பெயர் இங்கே வேண்டாம். வயதானவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓசையை விடாமல் புதுக்கவிதைக்குள் வந்தவர். என் கட்டுரையின் முடிவில், இந்தக் கவிதைகளின் மினுக்கம் ஆயுத பூஜைக்கு இன்ஜின்மேல் அடித்த அலுமினியம் பெயிண்ட், அது இன்ஜினுடைய மினுக்கம் அல்ல என்று எழுதியிருந்தேன். கட்டுரையில் நண்பர்கள் நினைவில் வைத்துக்கொண்டது அந்த வாக்கியத்தை மட்டும்தான். எனக்கும் அதில் பெருமை இருந்தது. அலங்காரத்தோடு சண்டை போடுவது நம் சிற்றிதழ்களுக்கு 1959-இல் ‘எழுத்து’ தொடங்கிய நாளிலிருந்து வந்த சொத்து. கல்லூரியில் ஆங்கிலம் படித்தவனுக்கு அதன்மேல் 1913-இல் பவுண்ட் போட்ட தடைகளின் பலமும் சேர்ந்துகொள்ளும். ‘பூச்சு’ என்று ஒரு சொல்லைச் சொன்னால் போதும். மேற்கொண்டு நிரூபிக்க வேண்டியதில்லை.

அப்பா நான் எழுதியதைப் படிப்பவர் அல்ல. அந்த இதழ் எப்படியோ அவர் கையில் அகப்பட்டது. கட்டிலில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

“ஏலே, அலுமினியம் பெயிண்டு அழகுக்கு அடிக்கிறதுன்னு ஒங்கிட்ட யாரு சொன்னா?”

நான் சிரித்தேன். அது உவமை என்று விளக்கினேன். அவர் சரி என்று இதழை மடித்து ஜன்னலில் வைத்துவிட்டார். அடுத்த வாரம் டீக்கடையில் இதை நண்பர்களிடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். உவமையைப் பொருளாகவே எடுத்துக்கொள்ளும் வாசகன் என்று அப்பாவைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கேட்டது ஒரு கேள்வி என்பதும், அதற்குப் பதில் சொல்லப்படவில்லை என்பதும் அப்போது என் பிரக்ஞையிலேயே இல்லை.

அப்பா 2022-இல் போய்விட்டார். வண்டியின் பதிவுக்கு முதலில் 15 வருஷம், பிறகு ஐந்தைந்து வருஷம். 2024-இல் மறுபடி புதுப்பிக்க வேண்டியிருந்தது. படிவம் 25, கூடவே உரிமையாளர் இறந்துபோனதால் என் பெயருக்கு மாற்றப் படிவம் 31. அண்ணன் விற்றுவிடலாம் என்றான். நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். வண்டியைப் பார்த்த இன்ஸ்பெக்டர் குனிந்து பென்சிலும் தாளும் வைத்துத் தேய்த்தார். சேஸிஸ் நம்பர் விழுந்தது. எஞ்சின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் தாளில் வெறும் சாம்பல் நிறம்தான் விழுந்தது. பாரலுக்குக் கீழே கிராங்க் கேஸில் குத்தியிருந்த எண், அப்பாவின் பெயிண்டில் நிறைந்து சமமாகிவிட்டிருந்தது. “பெயிண்ட்ட எடுத்துட்டுக் கொண்டாங்க சார்” என்றார். நியாயமான பேச்சு. வங்கிக் கவுண்டரில் கையெழுத்து ஒத்துப்போகாதவரிடம் நானும் இதே குரலில்தான் பேசுகிறேன்.

மெக்கானிக் வீட்டுக்கு வந்து டாங்க், ஹெட், பாரல் மூன்றையும் இறக்கிக் கொடுத்தார். கிராங்க் கேஸின் வாயில் சுத்தமான துணியை அடைத்தார். உள்ளே ஒரு மணல் விழுந்தாலும் பேரிங் போய்விடும் என்று எச்சரித்தார். பெயிண்டைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து எடுத்துவிடலாம் என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். “அண்ணாச்சி, இரும்புக்கு அது சரி. அலுமினியத்தில பட்டா தின்னுரும்” என்றார். ஆகவே பெயிண்ட் ரிமூவர், கையுறை, கம்பி பிரஷ், எமரி தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லையில் உட்கார்ந்து சுரண்டினேன்.

முப்பது வருஷத்துப் பூச்சு மரத்தின் வளையம் போல அடுக்கடுக்காகத் தெரிந்தது என்று எழுத ஆசைதான். அப்படித் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரே தோலாக உரிந்தது. வருஷங்களை எண்ண முடியாது.

ஆனால் வேறொன்று தெரிந்தது. பெயிண்ட் போன இடத்தில் இரும்பு, வார்ப்பில் வந்த சொரசொரப்போடு கருஞ்சாம்பலாக அப்படியே இருந்தது. நாற்பது வருஷம். அதில் முப்பது வருஷம் உப்பளம். தகடுகளுக்கு இடையில் உள்ளே போகப் போக ஓர் எல்லை வந்தது. அந்த எல்லைக்கு அப்பால் சிவப்புத் துரு, துருவுக்குக் கீழே அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளங்கள். எல்லா இடுக்கிலும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் அந்த எல்லை. கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. பிறகு பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துவந்து இடுக்கில் விட்டுப் பார்த்தேன். பிரஷ்ஷின் முடி போய் நிற்கிற இடம்தான் அந்த எல்லை. அப்பாவின் கை எட்டிய இடம் வரை இரும்பு. எட்டாத இடத்தில் துரு.

பிறகுதான் இந்தப் பெயிண்டைப் பற்றிப் படித்தேன். அதில் இருப்பது அலுமினியத்தின் தூள் அல்ல, மிக மெல்லிய செதில்கள். அடித்ததும் அந்தச் செதில்கள் மேலே மிதந்து வந்து ஒன்றின்மேல் ஒன்றாக, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி படிகின்றன. ஈரம் உள்ளே போக வேண்டுமானால் ஒவ்வொரு ஓட்டையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மினுக்கம் அந்தக் கூரையின் மேற்புறம், அவ்வளவுதான். நம் ரயில்வேயின் இரும்புப் பாலங்களுக்கு இந்த வெள்ளி நிறம் எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை. 1914 முதல் 2022 வரை கடலின்மேல் ரயிலைத் தாங்கிய பழைய பாம்பன் பாலத்தை எத்தனை தடவை கடந்திருக்கிறேன். அதை யாரும் அழகுக்காகப் பூசவில்லை.

இதற்குமேல் போய் அப்பாவின் வேலையைச் சிறப்பித்துச் சொன்னால் அது பொய்யாகும். அது பல விதத்தில் மோசமான வேலை. சாதாரண அலுமினியம் பெயிண்ட் ஹெட்டின் சூட்டைத் தாங்காது. அதனால்தான் பழுப்பேறி உரிந்தது. வெள்ளி நிறப் பூச்சு கறுப்பு அளவுக்குச் சூட்டை வெளியே வீசாது. ஓடுகிற வண்டியில் பெரும்பாலான சூட்டைக் காற்றே கொண்டுபோய்விடும் என்பதால் இது பெரிய நஷ்டம் அல்ல. ஆனால் முப்பது பூச்சு சேர்ந்து தடித்தால் அது இரும்புக்குப் போர்த்திய கம்பளி. தகடுகளின் இடைவெளியும் குறுகுகிறது. எஞ்சின் நம்பரை மூடியது சுத்தமான அசிரத்தை. இவ்வளவையும் சொன்ன பிறகும் இரும்பு அங்கே இருக்கிறது. இரண்டு வாக்கியமும் உண்மை. ஒன்றை எழுதி மற்றதை விட்டால் நன்றாக அமையும். அதனாலேயே நான் இதுவரை ஒன்றை மட்டும் எழுதிவந்திருக்கிறேன்.

இனி என் முறை. சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட், ஸ்பிரே டின்னில் வாங்கினேன். இந்த வகைப் பெயிண்ட் காற்றில் உலர்வதோடு வேலை முடிவதில்லை. அதிலுள்ள சிலிகோன் பசை சூடேறினால்தான் இறுகும். அதாவது இன்ஜின் தன் சூட்டிலேயே அதைச் சுட்டுக்கொள்ள வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு உடனே ஓர் இலக்கியக் கட்டுரை தோன்றியது. அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் அடுத்து நடந்ததோடு சேர்த்து அதுவும் கொப்புளித்திருக்கும்.

நவம்பர் மாதம். வெளியே தூறல். தாமதக் கட்டணம் ஏறுகிறது என்ற அவசரம் வேறு. ஈரக் காற்றில், ஒரே மூச்சில் கனமாக இரண்டு பூச்சு அடித்தேன். பார்க்க அருமையாக இருந்தது. இரண்டு நாள் கழித்து மெக்கானிக் கோர்த்துக் கொடுக்க, ஸ்டார்ட் செய்தேன். கால் மணியில் பாரலின் முன்பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பூச்சு கனமாக இருந்தால் மேல் தோல் முதலில் காய்ந்து, அடியிலுள்ள தின்னரை வெளியே விடாது. சூடு பட்டதும் அது ஆவியாகித் தோலைத் தூக்கும். ஓர் இடத்தில் மட்டும் கொப்புளம் இல்லாமல் சுத்தமாக உரிந்திருந்தது. உற்றுப் பார்த்தால் கட்டைவிரல் வடிவம். துடைத்து முடித்த பிறகு நான் வெறும் கையால் பாரலைத் தூக்கியிருக்கிறேன். விரலில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு போதும், பெயிண்ட் ஒட்டாமல் போக. முப்பது வருஷம் எண்ணெயும் உப்புமான கையோடு பெயிண்ட் அடித்தவர் ஒவ்வொரு தடவையும் மண்ணெண்ணெய்த் துணியை ஏன் அவ்வளவு நேரம் போட்டுத் தேய்த்தார் என்று தெரிந்தது.

மறுபடி இறக்கி, மறுபடி சுரண்டி, பொங்கல் கழிந்து வெயில் வந்த பிறகு இரண்டாம் முறை அடித்தேன். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் டின்னைப் பிடித்து, முதல் பூச்சு வெறும் மூடுபனி மாதிரி. இரும்பு இன்னும் தெரிய வேண்டும். பத்து நிமிஷம் பொறுத்து இரண்டாவது. பிறகு மூன்றாவது. பாரலின் மேல் விளிம்பும் அடி விளிம்பும் கேஸ்கட் உட்காரும் இடங்கள், அங்கே டேப். எஞ்சின் நம்பருக்கு மேலும் டேப். பிறகு இன்ஜினைப் பத்து நிமிஷம் மெதுவாக ஓட விட்டு, முழுக்க ஆற விட்டு, இருபது நிமிஷம் ஓட விட்டு, மறுபடி ஆற விட்டு. ஒரு சாயங்காலம் முழுக்க இந்த வேலை. நீலப் புகை எழுந்து கொல்லை நிறைந்தது. அம்மா பின்வாசலுக்கு வந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“வருசா வருசம் இதே நாத்தந்தான்யா” என்றாள். உள்ளே போகவில்லை. இன்ஜினை நிறுத்தும் வரை அங்கேயே நின்றாள்.

பிப்ரவரியில் வண்டியைக் கொண்டுபோனேன். இன்ஸ்பெக்டர் தாளை வைத்துத் தேய்த்தார். எண் ஒவ்வொன்றாக ஏறி வந்தது. பழைய புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டு, ஒத்துப்போகிறது என்று எழுதிக்கொண்டார். கறுப்பு நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார்.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு நண்பர் என் விமர்சனக் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறார். திருத்துவதற்காகப் படிகள் வந்திருக்கின்றன. அதில் 2015-ஆம் வருஷத்துக் கட்டுரையும் இருக்கிறது. அலுமினியம் பெயிண்ட் வாக்கியத்தை வைத்திருக்க முடியாது என்று தெரியும். அது தகவல்படியே தப்பு. உவமையை அடித்துவிட்டு முடிவை மட்டும் வைத்துக்கொள்ளலாம், கவிதைகளைப் பற்றிய என் தீர்ப்பு மாறவில்லை என்ற எண்ணத்தோடுதான் பேனாவை எடுத்தேன். வாக்கியத்தை அடித்தேன். அதற்கு முன்னால் இருந்த பத்தியைப் படித்தேன். அதற்கும் முந்தியதைப் படித்தேன். எட்டுப் பக்கத்திலும் அந்தக் கவிதைகளின் ஓசை ஏன் பொய், எந்த வரியில், எந்தச் சொல்லில் என்று நான் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. எல்லாப் பத்திகளும் அந்த வாக்கியத்தை நம்பி அதை நோக்கி நடந்துகொண்டிருந்தன. அதை எடுத்ததும் அடியில் இரும்பு இல்லை.

எனவே தீர்ப்பு தப்பு என்று இதற்கு அர்த்தம் அல்ல. தீர்ப்பு இன்னும் நடக்கவே இல்லை என்று அர்த்தம். அப்பாவின் இன்ஜினைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் வேலை எங்கே எட்டியது, எங்கே எட்டவில்லை என்று என்னால் சொல்ல முடிந்தது. அந்தக் கவிஞர் விஷயத்தில் நான் சுரண்டவே இல்லை. தூரத்தில் நின்று மினுக்குகிறது என்றேன். அவருடைய ஓசை எந்தக் காற்றிலிருந்து எதைக் காப்பாற்ற அடித்தது என்று கேட்கவில்லை. ஒன்றையும் காப்பாற்றவில்லை என்பதாகவும் இருக்கலாம். அதைப் படித்துத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லி நண்பருக்கு எழுதிவிட்டேன். புத்தகம் எட்டுப் பக்கம் குறையும். கவிஞரின் தொகுப்பை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். இருபது கவிதை வரை வந்திருக்கிறேன்.

2025 ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டியைத் துடைத்தேன். டார்ச் அடித்து பாரலின் இடுக்குகளைப் பார்த்தேன். நான் அடித்த கறுப்பு அப்பாவின் பிரஷ்ஷைவிடக் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது. ஆனால் ஸ்பிரே நேராகப் போகும், மூலைக்குத் திரும்பாது. இரண்டு தகடுகளின் அடிமூலையில் எட்டு மாதத்திலேயே சிவப்பு தெரிந்தது. கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன்.